ஐந்து பேரும் முடித்த பிறகு

கட்டைப் பிரித்துப் பார்த்ததும் மேடம் சொன்ன முதல் வார்த்தை "கர்மம்" என்பதுதான். சணல் கயிறு போட்டு இறுக்கிய நான்கு பெரிய கட்டுகள் நூலக வாசலில் வந்து இறங்கியிருந்தன. யாரோ ஒரு புண்ணியவான் குழந்தைகளுக்கென்று வாங்கிக் கொடுத்த கதைப் புத்தகங்கள். விதவிதமாக இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தால் ஒரே கதையில் ஐந்து பிரதி, அடுத்ததிலும் ஐந்து, அதற்கடுத்ததிலும் ஐந்து. அலமாரியில் ஏற்கெனவே இடம் கிடையாது. மேடம் அவற்றைத் தரையிலேயே அடுக்கச் சொல்லிவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகிற வழியில் காலை இடித்துக்கொள்ளும் போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் புண்ணியவானை மனதாரத் திட்டினோம்.

பெரிய காஞ்சிபுரத்தில், ஜன்னலைத் திறந்தால் கோயில் கோபுரத்தின் மேல்பாதி தெரிகிற கிளை நூலகம் அது. மேடம்தான் நூலகர். நான் அப்போது தற்காலிக உதவியாளர், இருபத்தைந்து வயது, கையெழுத்து அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு பெருமை எதுவும் இல்லாதவள். மேடத்துக்குச் சர்க்கரை, முழங்கால் வலி, ஒரு கண்ணில் புரை. குழந்தைகளைக் கண்டால் உருகுகிற ஆள் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். இரைச்சல் போட்டால் வெளியே அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் மத்தியானம், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "அஞ்சு புக்கு இருக்குது, அஞ்சு புள்ளைங்கள உக்கார வெச்சிப் பாப்பமா?" என்றார். கோடை விடுமுறை வாசிப்புத் திட்டம் என்று பிற்பாடு நாங்கள் அறிக்கைகளில் பெரிதாக எழுதியதெல்லாம், தரையை அடைத்துக்கொண்டிருந்த புத்தகங்களை என்ன செய்வது என்று தெரியாமல் பிறந்த யோசனைதான்.

ஒரு குழுவுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்து பேரும் ஒரே கதையை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க வேண்டும். சனிக்கிழமை காலை வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் சத்தமாக வாசித்து, பிறகு அந்தக் கதையைப் பற்றி அவர்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். ஐந்து பேரும் முடித்த பிறகுதான் அடுத்த புத்தகம். பரீட்சை இல்லை, மதிப்பெண் இல்லை, பரிசு இல்லை. ஃபர்ஸ்ட் வந்தால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்ட அப்பா அம்மாக்களிடம் மேடம் ஒன்றும் கிடையாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னார். சிலர் பிள்ளையைக் கையோடு திரும்ப அழைத்துக்கொண்டு போனார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. சின்னதாக ஏதாவது பரிசு வைக்கலாமே என்றேன். "போட்டி வெச்சா ஒண்ணு ஜெயிக்கும், மிச்சதுங்க அடுத்த வாரம் வராது. எனக்கு எல்லாம் வரணும்மா" என்றார்.

குழுக்களுக்குப் பெயரைப் பிள்ளைகளே வைத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் தறி இருக்கிற வீட்டுப் பிள்ளைகள். வேறெங்கே போவார்கள்? புடவைக் கரையில் போடுகிற உருவங்களையே பிடித்துக்கொண்டார்கள். அன்னம், மயில், மாங்கா, யாளி. யாளிக் குழுவில் ஐந்தும் பெண்கள். அவர்களில் ஒருத்தியைத்தான் நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம். எப்போதும் ஐந்தாவதாக முடிப்பவள் என்பதால் இங்கே ஐந்தாமவள் என்றே சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பு போகவேண்டிய பெண். எழுத்தெல்லாம் தெரியும், சேர்க்கத்தான் நேரமாகும். விரலை வரியின் மேல் வைத்து, உதட்டை அசைத்து, ஒரு வார்த்தை சேர்ந்ததும் நிமிர்ந்து எங்களைப் பார்த்து மூச்சு விடுவாள். ஆற்றைக் கடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரு கழுதையின் கதைதான் யாளிக்கு முதல் புத்தகம். பன்னிரண்டு பக்கம். ஐந்தாமவள் முடிக்க மூன்று வாரம் ஆனது. மற்ற நான்கு பேரும் காத்திருந்தார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, ஏனென்றால் காத்திருக்கிற மாதிரியே அவர்கள் இருக்கவில்லை. கழுதையைப் படம் வரைந்தார்கள். கழுதையின் அம்மா என்ன சொல்லியிருக்கும் என்று சண்டை போட்டார்கள். அந்தக் குழுவின் வாயாடி, இட்லிக் கடைக்காரர் மகள், கழுதை மாதிரி நடந்து காட்டினாள். ஐந்தாமவள் கடைசி வரியைச் சேர்த்துப் படித்த சனிக்கிழமை ஐந்து பேரும் எழுந்து குதித்ததில் மேடம் எல்லாரையும் வெளியே அனுப்பினார். அந்த மூன்று வாரமும் பொறுமையில்லாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்ப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தலைவலியாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் மேடம் கண் ஆபரேஷனுக்காக விடுப்பில் போனார். நூலகம் என் பொறுப்பு. சும்மா இருந்திருக்கலாம். கடைக்குப் போய் ஒரு சார்ட்டும் ஜிகினா நட்சத்திரமும் வாங்கி வந்தேன். குழுக்களின் பெயரை என் அழகான கையெழுத்தில் எழுதி, முடித்த புத்தகத்துக்கு ஒன்று வீதம் நட்சத்திரம் ஒட்டி, வாசலில் நுழைகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினேன். பரிசு இல்லை, மதிப்பெண் இல்லை, வெறும் நட்சத்திரம்தானே! மேடம் சொன்னதை நான் மீறிவிட்டதாக எனக்குத் தோன்றவே இல்லை. அன்னத்துக்கு நான்கு, மயிலுக்கு மூன்று, யாளிக்கு ஒன்று. யாளிப் பெண்கள் அன்று சார்ட்டின் முன்னால் நின்று ரொம்ப நேரம் எண்ணினார்கள். எண்ணுவதற்கு அதில் என்ன இருந்தது? ஒன்றுதான். ஐந்தாமவள் எண்ணவில்லை, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு யாளி வேகமெடுத்தது. வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று. ஐந்தாமவள் தன் பக்கத்தைத் தடங்கலே இல்லாமல் கடகடவென்று வாசித்தாள். நான் பூரித்துப்போனேன். எப்படி என்று யோசிக்கவில்லை. காலையில் கதவைத் திறக்க வரும்போது அந்த ஐந்து பேரும் மாடிப்படியில் நெருக்கி உட்கார்ந்திருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! வாயாடி ஒரு வரி சொல்ல, ஐந்தாமவள் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்லுவாள். ஏதோ பாட்டுப் போட்டிக்குத் தயாராகிறார்கள் என்று நினைத்தேன்.

மேடம் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து சார்ட்டைப் பார்த்தார். "இத ஏம்மா மாட்டின?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு எவ்வளவு உற்சாகம் பாருங்கள், யாளியில் அந்தப் பெண்கூட எப்படிப் படிக்கிறாள் பாருங்கள், எடுத்தால் அழுதுவிடுவார்கள் என்று நான் மூச்சு விடாமல் பேசினேன். அவருக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது, சொட்டு மருந்து போட நேரமாகிவிட்டது. "எனக்கு இதுக்கெல்லாம் தெம்பு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவர் ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் அன்றே எடுத்திருப்பேன் என்று பல வருடம் அவர் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது. சரி என்று விட்டுவிடுவது எவ்வளவு சுலபம் என்று தெரிகிறது.

விடுமுறை முடிவதற்கு முந்தைய சனிக்கிழமை. யாளியின் பதினோராவது புத்தகம். ஐந்தாமவளின் முறை வந்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். மேலே விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் பக்கம் தானாகப் புரண்டது. புரண்ட பக்கத்தில் எழுத்தே இல்லை, முழுக்கப் படம், ஒரு மரமும் இரண்டு குருவியும். அவள் நிறுத்தவில்லை. விரல் அந்த மரத்தின் மேல் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருக்க, ஒரு பத்தியை முற்றுப்புள்ளி வரைக்கும் சொல்லி முடித்தாள். ஒரு தப்பு இல்லை. மற்ற நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயாடி கண்ணாலேயே கெஞ்சினாள். ஐந்தாமவள் மெல்லக் குனிந்து மடியைப் பார்த்தாள். குருவிகளைப் பார்த்ததும் அவள் காது சிவந்துபோனது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்துபோய் பதினோராவது நட்சத்திரத்தை ஒட்டினேன். மற்ற எல்லாக் குழுவையும்விட அதிகம்.

அன்று சாயங்காலம் மேடம் ஒரு தாளோடு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்கு மாலையில் தனியாகச் சொல்லித்தர ஒரு டீச்சர் ஒப்புக்கொண்டிருந்தார். நான்கு பெயர் எழுதியிருந்தது. ஐந்தாவதாக எழுத இடம் விட்டு, "யாளில அந்தப் பொண்ணு பேர எழுதட்டுமா? நீதான் கூட உக்காந்து பாக்கற" என்றார். எழுதுங்கள் என்று சொன்னால் பதினோரு நட்சத்திரத்துக்கும் அவரிடம் கணக்குச் சொல்ல வேண்டும். நாளைக்கு நிறைவு விழா, பெற்றோர் வருகிறார்கள், போட்டோ எடுக்கப் போகிறார்கள். "வேணாம் மேடம், அவ நல்லாவே படிக்கறா" என்றேன். மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்காகத்தான் கேட்டாரோ, நானே வாயைத் திறந்து சொல்லட்டும் என்றுதான் கேட்டாரோ, தெரியாது. அவர் ஓய்வு பெற்று மகனோடு போய்விட்டார். இப்போது உயிரோடும் இல்லை. கேட்க ஆள் இல்லை.

அந்த நாற்காலியில் இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன். திட்டம் இன்னும் நடக்கிறது. புத்தகங்களின் முதுகில் எத்தனையோ முறை பசை போட்டாகிவிட்டது. சார்ட்டை அந்தக் கோடையோடு கழற்றினேன், மறுபடி மாட்டவே இல்லை. அதிகம் படித்த குழந்தை யார், போட்டோவோடு அனுப்புங்கள் என்று எங்கிருந்தாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எல்லாரும் படிக்கிறார்கள் என்று எழுதி அனுப்பி அலுத்துவிட்டது. சனிக்கிழமை ஒரு பிள்ளை ஒரு வரியோடு மல்லாடும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல உடம்பை வாட்டுகிற வேலை வேறு இல்லை. இரண்டு மணி நேரம் முடிந்து பாயைச் சுருட்டும்போது எனக்கு யாரோடும் பேசப் பிடிப்பதில்லை.

போன மாதம் ஒரு நாள் பன்னிரண்டு மணி இருக்கும். நீலக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் வந்து நின்றாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் வேலை, மத்தியான ஷிப்டுக்குப் பஸ் வருவதற்குள் வந்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டுமாம். "அக்கா, நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று சிரித்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. ஐந்தாமவள்.

விண்ணப்பத்தைக் கொடுத்தேன். மேஜை மேல் குனிந்து எழுத ஆரம்பித்தாள். மகள் பெயரில் முதல் இரண்டு எழுத்து விழுந்தது. மூன்றாவதற்குப் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது, உதடு அசைந்தது. பின்னால் பேப்பர் படிக்க வந்த ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "குடுமா, நான் எழுதிடறேன்" என்று கை நீட்டினேன். பழக்கப்பட்டவள் போலச் சட்டென்று பேனாவைக் கொடுத்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

எழுதிக்கொண்டே வேலையைப் பற்றி விசாரித்தேன். ஒயரை நிறம் பார்த்து மாட்டுகிற வேலையாம், நிறம் தெரிந்தால் போதுமாம். போனில் கம்பெனி செய்தி வந்தால் பக்கத்தில் நிற்கிற பெண் படித்துச் சொல்லிவிடுவாளாம். பத்தாவது வரைக்கும் மனப்பாடத்திலேயே ஓட்டியிருக்கிறாள், அதற்குமேல் ஓடவில்லை. "எழுத்தெல்லாம் தெரியும்க்கா. போர்ட சேத்துப் படிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிடுது" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு, கோபம் எதுவும் இல்லாத குரலில், "பதினோரு ஸ்டாரு ஒட்டுனீங்க. அதுல ஒண்ணுதான்க்கா என்துது, அந்தக் கழுத கதை. உங்களுக்கும் தெரியும் இல்ல?" என்றாள்.

"தெரியும்" என்றேன். மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டியது.

அவள் தலையாட்டினாள். அவர்கள் மேல் தப்பில்லை, தன் மேல் இருந்த பாசத்தில்தான் செய்தார்கள் என்றாள். யாரைச் சொன்னாள், அந்த நான்கு பேரையா, என்னையும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை. அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "எம்பொண்ணுக்கும் படிக்க லேட்டாத்தான் வருது. யாராவது அவசரப்பட்டு அவளுக்குப் படிச்சிச் சொல்லிடப் போறாங்க. பாத்துக்கோங்கக்கா" என்றாள்.

பேனா என் கையில் இருந்தது. விண்ணப்பத்தில் முகவரி வரைக்கும் எழுதி முடித்திருந்தேன். மேஜை டிராயரை இழுத்து இன்னொரு விண்ணப்பத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். பேனாவையும் அதன் மேல் வைத்தேன். "நீயே எழுதுமா. மெதுவா எழுது, நான் இருக்கறேன்" என்றேன்.

அவள் வெற்றுத் தாளைப் பார்த்தாள், போனில் மணியைப் பார்த்தாள். "பஸ்ஸு வந்துடும்க்கா. நீங்க எழுதுனதே போதும்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை நான் காட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துப் போட்டுவிட்டு, வாசலில் இறங்கி ஓடினாள். விண்ணப்பத்தைக் கோப்பில் சேர்க்க எடுத்தேன். கையெழுத்தைத் தவிர, மகள் பெயரில் முதல் இரண்டு எழுத்து மட்டும் அவளுடையது.