கார் வரைக்கும்

செருப்பின் வார் பாதத்தைத் தாண்டி வரவில்லை. உஷாராணி தரையில் மண்டியிட்டு இன்னொரு முறை இழுத்தாள். விரல் பட்ட இடத்தில் கணுக்கால் குழிந்தது. குழி அப்படியே நின்றது.

"விடு உஷா. நான் எங்கயும் வரல."

சோபாவில் சாய்ந்திருந்த அவள் கணவன் பாலன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினான். முதல்நாள் இரவு முழுக்க அவன் படுக்கவில்லை. படுத்தால் அடைக்கிறது என்றான்.

சிறுநீரகங்கள் செயலிழந்து நான்கு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று கிள்ளானில் உள்ள மையத்துக்குப் போவான். அவன் இரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும். இந்த வாரம் செவ்வாய் போகவில்லை. வியாழனும் போகவில்லை. இன்று சனி.

போன ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸ் சபையில் உபவாச ஜெபம் முடிந்தது. வெளியூரிலிருந்து வந்த போதகர் பாலனின் முதுகில் கை வைத்து, ஆண்டவர் புது சிறுநீரகம் வைத்தாயிற்று என்றார். கூட்டம் கை தட்டியது. மறுநாள் காலை, நின்றுபோயிருந்த சிறுநீர் அவனுக்குக் கொஞ்சம் வந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் கழிவறை வாசலில் நின்று அழுதார்கள். செவ்வாய்க்கிழமை அவன் போகாதபோது அவள் ஒன்றும் சொல்லாததற்கு அந்த அழுகைதான் காரணம். வியாழன் மாலை ஷா ஆலம் தொழிற்சாலை கேண்டீனில் வேலை முடித்து வந்தபோது மேசைமேல் குடித்து முடித்த இரண்டு இளநீர்க் கூடுகள் இருந்தன. இந்த நோய்க்காரர்கள் தொடவே கூடாதவற்றில் அது முதலாவது. பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

நாளை அவன் சபையில் எழுந்து நின்று, குணமானதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். சபையின் வாட்ஸ்அப்பில் அவன் படம் போட்டு அறிவிப்பு வந்துவிட்டது.

அவள் மையத்துக்குப் போன் செய்தாள். அங்கே நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி விஷ்ணுப்ரியா எடுத்தாள்.

"ஆன்டி, அங்கிள் எங்க? நாற்காலி காலியா இருக்கு."

"கால் வீங்கிடுச்சி மிஸ்ஸி. மூச்சு வாங்குது."

"ரெண்டு தடவை விட்டாச்சா? இங்க வராதீங்க. நேரா எமர்ஜென்சி. ஹார்ட் சொல்லிட்டு நிக்காது ஆன்டி."

"ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. ஆனா பேஷன்ட் வர மாட்டேன்னா அவங்க தூக்கிட்டுப் போக மாட்டாங்க லா. முதல்ல அங்கிள எழுப்புங்க."

பாலன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "நாளைக்கு சாட்சி. இன்னிக்கு மெஷின்ல போய் படுத்தா அதுக்கு என்ன பேரு? அவிசுவாசம்."

"சாட்சி சொல்ல ஆள் வேணாமா?"

"புத்தகத்துல எல்லாருக்கும் இப்படித்தான் வந்திருக்கு. கடைசியில ஒரு சோதனை. அதுல பயந்தவன் தோத்தான். இது அந்த இடம் உஷா."

அலமாரியில் அந்தப் புத்தகங்கள் இருந்தன. சபை வாசலில் வாங்கியவை. சிறையிலிருந்து மீண்டவன், புற்றுநோயிலிருந்து எழுந்தவள், கடலில் பிழைத்தவன். ஊசி ஏறிய கையை அசைக்க முடியாது என்பதால் இயந்திரத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவள்தான் அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். எல்லாக் கதையிலும் நோய் நாலு வரியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வெளிச்சம் வரும். அந்த நாலு வரிக்குள் எத்தனை வருடம் இருந்தது என்று யாரும் எழுதவில்லை.

அவள் தங்கள் சபையின் பாஸ்டர் தியாகராஜனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"பாஸ்டர், இவருக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

"மெஷினுக்குப் போறதில்லையா?" பாஸ்டரின் குரல் இறங்கியது. "நான் போக வேணாம்னு சொல்லலயே சிஸ்டர்."

"போன்னும் சொல்லல. இப்ப சொல்லுங்க."

மைக் சத்தம் நின்றது.

"அவரோட விசுவாசத்துக்குக் குறுக்க நான் எப்படி நிக்கிறது சிஸ்டர்? டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. நாங்க இங்க ஜெபிக்கிறோம்."

"பாத்தியா?" என்றான் பாலன். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

அவள் போனை அணைத்தாள். அவன் எண்பது கிலோ. இழுத்துப் பார்த்தாள். சோபாதான் நகர்ந்தது.

"கன்டெய்னர் தூக்குற கிரேன் கொண்டு வா," என்றான், துறைமுகத்தில் லோரி ஓட்டியவன்.

உஷாராணி காப்பார் எஸ்டேட்டில் பிறந்தவள். முப்பது வயதுக்குமேல் சபைக்கு வந்தவள். அங்கே ஆராதனை முடிந்ததும் தேநீர்க் குவளைகளைக் கழுவுவாள். சத்தமாக ஜெபித்ததில்லை. ஜெபிக்கச் சொன்னால் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவாள். வீட்டிலும் அவன்தான் ஜெபிப்பான்.

இப்போது அவன் உச்சந்தலையில் கை வைத்தாள். தலை வியர்த்திருந்தது. அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"ஆண்டவரே," என்றாள். அடுத்தது வரவில்லை. "புது கிட்னி வேணும்னு நான் இப்ப கேக்கல. அது உங்க இஷ்டம். இவரு எழுந்து நிக்கணும். லிஃப்ட் வரைக்கும் நடக்கணும். அங்கேர்ந்து கார் வரைக்கும். அவ்ளோதான். மிச்சத்த நான் பாத்துக்குறேன். இயேசுவின் நாமத்தில் கேக்குறேன்."

"ஆமென்," என்றான் பாலன்.

பதினெட்டு வருடப் பழக்கம். ஜெபம் நின்ற இடத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவர்கள் சபையில் ஆமென் என்பது கையெழுத்து. போட்ட பிறகு பின்வாங்குவதில்லை.

"ஏமாத்திட்டியே உஷா."

"நான் உங்ககிட்ட கேக்கல. அவருகிட்ட கேட்டேன். ஆமென் சொன்னது நீங்க."

அவன் சிரிக்கப் பார்த்து இருமினான். இருமல் நிற்கவில்லை. நின்றபோது கையை நீட்டினான்.

செருப்பில்லாமல் நடந்தான். நடைபாதைக் கம்பியைப் பிடித்து மூன்று வீடு தாண்டியதும் நின்றான். லிஃப்ட்டுக்குள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். கீழே வந்தால் அவள் காருக்குக் குறுக்கே ஒரு வேன் நின்றது. இடமில்லாத பிளாட்டில் வழக்கம் அது. கியரையும் பிரேக்கையும் போடாமல் விட்டுப் போவார்கள், வேண்டியவர் தள்ளிக்கொள்ளலாம். அவள் முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. மறுபடி தள்ளினாள். தூணைப் பிடித்திருந்த பாலனின் முழங்கால் மடங்குவது தெரிந்தது.

"உக்காராதீங்க! உக்காந்தா என்னால தூக்க முடியாது!"

வேன் நகர்ந்தது.

போர்ட் கிள்ளான் பக்கம் போகும் லோரிகள் சாலையை அடைத்திருந்தன. அவள் ஹாரனில் கையை வைத்தபடி இடையில் புகுந்தாள்.

"பேசிக்கிட்டே வாங்க."

"ட்ரெய்லர் முன்னால இப்படி நுழையாத. அவனுக்கு நீ தெரிய மாட்ட."

"வேற பேசுங்க."

"பயமா இருக்கு உஷா," என்றான். பிறகு பேசவில்லை. சிக்னலில் அவன் தொடையில் கிள்ளினாள். கை அசைந்தது. சிவப்பைத் தாண்டினாள்.

எமர்ஜென்சி வாசலில் இரண்டு பேர் அவனைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டியவர் திரையைப் பார்த்ததும் மலாயில் கத்தி டாக்டரை அழைத்தார். திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். உஷாராணி சுவரோரம் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். மாலையானபோது ஒரு டாக்டர் வந்து, இயந்திரத்தில் போட்டிருக்கிறோம், இதயம் சீராகி வருகிறது என்றார்.

மறுநாள் ஞாயிறு. பாலன் வார்டில் இருந்தான். உடம்பிலிருந்து மூன்று லிட்டர் நீரை எடுத்திருந்தார்கள். காலையில் உஷாராணி வீட்டுக்குப் போய்க் குளித்து, துணி துவைத்து, கஞ்சி வைத்தாள். சபைக்குப் போகவில்லை. மதியம் பார்வையாளர் நேரத்தில் கஞ்சி கொண்டுபோனாள். பாதி குடித்தான். பாஸ்டர் ஆராதனை முடிந்து வந்தார். கட்டிலோரம் கொஞ்ச நேரம் நின்றார். சுருக்கமாக ஜெபித்தார். அவர் போன பிறகு பாலன், வரும் செவ்வாய்க்கிழமை மையத்தில் அதே காலை நேரம்தானா என்று கேட்டான். ஆமாம் என்றாள். கேண்டீனுக்குப் போன் செய்து செவ்வாய் லீவு சொன்னாள். பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.