திரையில் தங்கிவிட்ட தீவு

சென்ற வருட மழைக்காலம். ஹேவ்லாக் தீவின் பஜாரில் இருக்கும் என் சின்ன கேமிங் கடையில் ஒரு நாள் காலை இருந்தவர்கள் நாலே பேர். நான், என் மனைவி, பக்கத்துக் காய்கறிக் கடை வங்காளி அம்மா (எல்லோருக்கும் அவர் மாஸி), விளையாட வந்து மழையில் மாட்டிக்கொண்ட ரிசார்ட் சமையல்காரர். ஐந்தாவது ஆள் கடலில் இருந்தார். மாஸியின் மகன், தீவுகளுக்கு நடுவே ஓடும் பயணிகள் படகில் வேலை.

முதலில் என் மானிட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எதற்கும் பயம். பூட்டிய பூட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்காமல் வீடு போய்ச் சேரமாட்டேன். அப்படிப்பட்டவனை ரிசார்ட் பையன்கள், "அண்ணா, ஓஎல்இடி மானிட்டர் ஒண்ணு போடுங்க, கூட்டம் பிச்சுக்கும்" என்று ஏற்றிவிட்டார்கள். கடையில் இருந்த இரண்டு பழைய மானிட்டரையும் விற்றேன். போதாததற்கு மாஸியிடம் நாற்பதாயிரம் கைமாற்று. மெயின்லேண்டிலிருந்து எண்பத்தையாயிரத்துக்கு வரவழைத்தேன். கப்பலில் அது வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

படம் அற்புதம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பகல் வெளிச்சத்தில் மங்கல். வாசலில் போர்வை கட்டினால் படம் தெரியும், உள்ளே ஆள் வெந்துபோவான். எழுத்தின் ஓரத்தில் கலர் பிசிறு. எல்லாவற்றையும் விட, ஒரே படம் அசையாமல் ரொம்ப நேரம் நின்றால் அதன் தடம் திரையிலேயே தங்கிவிடுமாம். கடைத் தொழிலுக்கு வைத்தால் வாரண்டியும் இல்லையாம். இதெல்லாம் வாங்கிய பிறகுதான் ஒரு வீடியோவில் கேட்டேன். அன்றிலிருந்து யாராவது ஆட்டத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், ஓடிப்போய் அணைத்துவிடுவேன். இரண்டு பேர் விளையாடிய கடையில் இப்போது ஒருவர் விளையாட, நான் காவல் காத்தேன்.

அந்த மழை நாளில் காற்று ஓயவில்லை. போன் டவர் படுத்துவிட்டது. என் கடையில் கேபிள் நெட்டும், கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் இருந்தன. பக்கத்துத் தீவான லாங் ஐலண்டிலிருந்து கிளம்பிய மாஸி மகனின் படகு வரவில்லை. வயர்லெஸ்ஸிலும் பதில் இல்லை என்று படகுத்துறையில் சொல்லிவிட்டார்கள். சமையல்காரர்தான், கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் மேப்பை என் மானிட்டரில் திறந்தார். லாங் ஐலண்டை ஒட்டி ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் படகு. அசையவே இல்லை. மாஸிக்குக் கண்ணில் புரை. போனில் காட்டினால் தெரியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் திரையில் தடம் விழுமே என்ற கவலை வந்துவிட்டது. அதே மேப், அதே இடம். பொறுக்க முடியாமல் அணைத்துவிட்டேன்.

மாஸி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அரே, பேட்டா! புள்ளி எங்கே போச்சு?" என்று அலறினார். தடம் விழும் கதையைத் தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரே படத்தைப் பார்த்தா கெட்டுப்போற டிவிக்கா என்கிட்ட கடன் வாங்கினே? என் வீட்டு டிவியில வருஷக்கணக்கா ஒரே சாமி சேனல்தான் ஓடுது!"

சமையல்காரர் சிரித்துவிட்டார். என் மனைவி சிரிக்கவில்லை. தமிழில், என் காதுக்கு மட்டும் சொன்னாள்: "அவங்க புள்ளை அங்க நிக்குது. நீங்க திரையில விழுற கறையைப் பத்திப் பேசுறீங்க."

திரும்பப் போட்டேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தத் திரை தானாகவே அடிக்கடி மங்கும்; அந்த வசதியையும் நிறுத்தினேன். மாஸிக்குத் தெரியட்டும் என்று வெளிச்சத்தை முழுக்க ஏற்றினேன். சாயங்காலம் வரை அதே மேப். மறுநாள் காலையும் அதே மேப். மனைவி கொண்டுவந்த சோற்றை மாஸி தொடவில்லை. ஒரு கட்டத்தில் பார்த்தால், நானும் திரையின் கவலையை மறந்து அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மதியம் மாஸிதான் முதலில் கண்டுபிடித்தார். "சல் ரஹா ஹை! சல் ரஹா ஹை!" புள்ளி நகர்ந்தது.

சாயங்காலம் மகன் நனைந்த பையோடு வந்து நின்றார். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை, வயர்லெஸ்தான் கெட்டுவிட்டதாம். "காத்துக்கு ஒதுங்கி நங்கூரம் போட்டோம். மீன் பிடிச்சுத் தின்னுட்டுத் தூங்கினோம்" என்றார். மாஸி அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அதே ஸ்டூலில் உட்காரவைத்து, என் வீட்டுச் சோற்றை அவருக்கு ஊட்டினார்.

பயந்தது நடந்தே விட்டது. திரையைச் சுத்தம் செய்யும் வசதியை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறக் காட்சி வந்தால் லாங் ஐலண்டின் ஓரம் மட்டும் லேசாகத் தெரிகிறது. "அண்ணா, உங்க கேம்ல மட்டும் ஒரு தீவு எக்ஸ்ட்ரா இருக்கு" என்று பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். கிண்டல் செய்யவே சிலர் வருகிறார்கள்.

மாஸி வந்து பார்த்துவிட்டு, கடனில் பாதியைக் கழித்துக்கொள் என்றார். ஒரு ரூபாய்கூடக் கழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடன் என்றாலே தூக்கம் கெடுகிற எனக்கு, அந்தத் தீவின் ஓரத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு என்னவோ நிறைந்துதான் போகிறது; கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது போக, மாஸிக்கு நான் இன்னும் தர வேண்டியது பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.