சேஃப் மோடில் அக்காவுக்குப் பேச்சு இல்லை

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னலைப் பார்த்தபடி அக்காவின் சக்கர நாற்காலி இருக்கிறது. அதற்கு எதிரே அவள் கண் மட்டத்தில் ஒரு மானிட்டர். மானிட்டரின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை. அதுதான் அவள் கண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் காமெரா. நரம்பு நோய் முதலில் அவளுடைய கைகளை எடுத்துக்கொண்டது, பிறகு கால்களை, கடைசியில் நாக்கையும் தொண்டையையும். கண்களை மட்டும் விட்டுவைத்தது. திரையில் உள்ள எழுத்துகளில் எதை அவள் சற்று நேரம் உற்றுப் பார்க்கிறாளோ அது டைப் ஆகும். எழுதி முடித்துவிட்டுத் திரையின் மூலையைப் பார்த்தால் கம்ப்யூட்டர் அதை உரக்க வாசிக்கும்.

வாசிக்கிற குரல் செய்தி அறிக்கை வாசிப்பவளின் குரல். மலையாளம் கலந்த எங்கள் தெருத் தமிழ் அதற்கு வராது. "நீ எந்தாக்கும் இப்படி முழிக்கறே" என்று அக்கா எழுதினால், ஏதோ மந்திரிசபை முடிவை அறிவிப்பதுபோல அழுத்தந்திருத்தமாகச் சொல்லும். நோய்க்கு முன்னால் அக்கா கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். எதிரில் இருப்பவரைக் கேலி செய்யாமல் அவளால் பேச முடியாது. அந்தக் கேலியைச் செய்திக் குரலில் கேட்கும்போது அது இன்னும் கூர்மையாகத் தைத்தது. எனக்கும், அவளைப் பார்த்துக்கொள்ள வித்துராவிலிருந்து வந்து எங்களுடனேயே தங்கியிருந்த ஹோம் நர்ஸுக்கும் அது பழகிப்போயிருந்தது.

மழை தொடங்கிய சமயத்தில் ஒருநாள் காலை அக்கா என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் வாங்கி வந்த மாம்பழத்தைப் பற்றி. அவளால் எதையும் விழுங்க முடியாது. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ஆனாலும் வீட்டுக்கு வரும் பழம் நல்ல பழமாக இருக்க வேண்டும், அதன் வாசனையாவது அவளுக்கு வர வேண்டும். பாதி வாக்கியத்தில் திரை உறைந்தது. எழுத்துகள் அப்படியே நின்றன. மவுஸைத் தொட்டேன், அம்பு நகரவில்லை. ஒரு நிமிஷம் போல அப்படியே இருந்துவிட்டுத் திரை முழுக்க நீலமாயிற்று. ஒரு சோக முகம், அதன் கீழே கம்ப்யூட்டர் பிரச்சினையைச் சந்தித்திருப்பதாக ஒரு வரி. பிறகு அதுவே அணைந்து மறுபடி எழுந்தது. கண் காமெரா தயாராகி அக்கா மறுபடி பேசுவதற்குள் மாம்பழத்தின் மேலிருந்த கோபம் போய்விட்டிருந்தது. "கரன்ட் போச்சா?" என்று கேட்டாள். போகவில்லை.

மறுநாளும் நடந்தது. அதற்கு மறுநாள் பலமுறை.

நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் குமாஸ்தா. கம்ப்யூட்டர் நின்றால் கூப்பிட எங்கள் ஆபீஸில் ஆள் உண்டு. வீட்டில் நான்தான். மழைக்காலத்தில் மின்சாரம் ஏறி இறங்கும் என்று யுபிஎஸ்ஸை மாற்றினேன். பெட்டியைத் திறந்து ஃபேனில் அடைந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தேன். இரண்டு முறையும் சில மணி நேரம் சரியாக ஓடி, எனக்கு நம்பிக்கை வந்ததும் உறைந்தது.

அக்காவின் பேச்சு மாறியதை நர்ஸ்தான் முதலில் கவனித்தார். எப்போது வாக்கியம் அறுந்துபோகும் என்று தெரியாததால் அக்கா சுருக்கமாக எழுத ஆரம்பித்திருந்தாள். தண்ணி. லைட். தலையணை. கேலி இல்லை, கேள்வி இல்லை, கோபம்கூட இல்லை. மூச்சடக்கித் தண்ணீருக்குள் போகிறவர்களைப்போல, முதலில் அவசியமானதைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். அவசரப்படும்போது கண் தப்பான எழுத்தில் நின்றுவிடும். அதைத் திருத்துவதற்குள் திரை உறையும். இரண்டு மூன்று தடவை "லாக்" என்று எழுதினாள். கதவைப் பூட்டவா என்று கேட்டேன். கண்களை மூடினாள். எங்கள் வழக்கத்தில் மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை. அடுத்த வார்த்தைக்கு முன்னால் நீலம் வந்துவிட்டது.

கடையிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தான். மார்த்தாண்டம் பக்கத்துப் பையன், மரியாதையானவன். ஈரச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, அக்காவைப் பார்த்துத் தயங்கி நின்றான். "அவங்களுக்குக் காது கேக்குமா சார்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். எல்லாம் கேட்கும், இந்த வேலையில் பல வருஷம் இருந்தவள் என்றேன். அவன் அவளைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, மானிட்டரைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான். வேலை செய்ய அவனுக்கு அது தேவைதான். ஆனால் திரை திரும்பிய நிமிஷத்திலிருந்து அக்காவுக்கு வாய் இல்லை. அவன் மெமரியை மாற்றினான். மறுபடி நீலம். பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றான். அக்காவின் ஃபைல்களெல்லாம் வேறொரு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன, அந்த விஷயத்தில் அவள் கறார். ஆனால் அவன் ஒயர்களைப் பிடுங்கும்போது அக்காவின் கண்கள் அவன் கைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏதோ சொல்ல வேண்டும் அவளுக்கு. என்னவென்று நான் கேட்பதற்குள் பெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட்டது.

அது திரும்பி வரும்வரை எழுத்துப் பலகைதான். அட்டையில் ஆங்கில எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதி வைத்திருந்தோம். தமிழ் எழுத்துகளுக்கு ஒரு சுவரே வேண்டும். நாங்கள் ஒவ்வொரு வரிசையாக வாசிக்க வேண்டும். அவளுக்கு வேண்டிய வரிசை வந்ததும் மேலே பார்ப்பாள். பிறகு அந்த வரிசையின் எழுத்துகள். ஒரு சொல்லுக்கே கை வலித்துவிடும். அக்காவுக்கு அந்த அட்டையைக் கண்டாலே ஆகாது.

ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது நர்ஸ் பதற்றமாக இருந்தார். அக்காவின் முகம் சரியில்லை. மூச்சுக்குச் சிரமமா, சளியா, வெளிச்சமா, ஃபேனா, எல்லாவற்றுக்கும் கண்களை மூடிவிட்டாளாம். நான் அட்டையை எடுத்தேன். எஃப் வந்தது. ஓ வந்தது. மறுபடி ஓ. "ஃபுட்டா? பசிக்கறதா?" என்றேன். அவள் கண்களை இறுக மூடினாள். அன்றைக்கு உணவுக் கலவை கொடுக்கும் நேரம் தள்ளிப்போயிருந்தது, அதனால் கோபம் என்று நினைத்துக் குழாயில் ஊற்றினேன். அதற்குப் பிறகு அக்கா எதற்கும் பதில் சொல்லவில்லை. மேலே பார்க்கவில்லை, மூடவும் இல்லை. எங்கள் இருவரையும் தாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான் தெரிந்தது: இடது கால் நாற்காலியின் மிதிபலகைக்குப் பின்னால் நழுவி மடங்கிக் கிடந்தது. கணுக்கால் சிவந்து வீங்கியிருந்தது. அவள் சொல்ல வந்தது ஃபுட்தான், கடைசி எழுத்து வேறு: சாப்பாடு இல்லை, பாதம். அந்த எழுத்துக்கு நான் காத்திருக்கவில்லை. அசைக்க முடியாத கால்தான், ஆனால் வலி முழுசாகத் தெரியும். நான் காலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பெட்டி திரும்பி வந்தது. புது சிஸ்டம், சுத்தமான திரை. கண் காமெராவுக்கு அவள் கண்களை மறுபடி அறிமுகப்படுத்த ஒரு காலை முழுக்கப் போயிற்று. அக்கா பேசிய முதல் வார்த்தை "அப்பாடா." அன்று சாயங்காலம்வரை ஓடியது. மறுநாள் காலை செய்திக் குரல் ஒரு சொல்லின் நடுவில் நின்று, ஒரே ஓசையை இழுத்துக்கொண்டே போய், நீலமாயிற்று.

டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். மதர்போர்டாக இருக்கும், கம்பெனிக்கு அனுப்பினால் வர வாரக்கணக்காகும் என்றான். நான் ஒயர்களைக் கழற்றக் கையை நீட்டியபோது நர்ஸ் என் தோளைத் தொட்டார். "சேச்சிக்கு எந்தோ பறயான் உண்டு சார்" என்றார். அக்காவுக்கு ஏதோ சொல்ல இருக்கிறதாம். அதைக் கேட்காமல் எடுக்காதே என்ற தொனி.

அட்டையை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். இந்த முறை எதையும் ஊகிக்கவில்லை. எஸ், ஏ, எஃப், இ. பிறகு எம், ஓ, டி, இ. சேஃப் மோட். கம்ப்யூட்டரை மிக அவசியமானவற்றோடு மட்டும் எழுப்பும் முறை. எப்படி என்று என் போனில் தேடிப் படித்துச் செய்தேன். எழுந்தது. சோதித்துப் பார்க்க அதையும் இதையும் திறந்தேன். உறையவில்லை. ஆனால் அந்த முறையில் கண் காமெரா வேலை செய்யாது. மானிட்டரின் அடியில் அந்தப் பட்டை செத்துக் கிடந்தது. அக்கா பேசாமல் இருந்தால்தான் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவள் அதைப் புரிந்துகொண்டது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அவள் அட்டையில் சொன்னாள், நான் மவுஸைப் பிடித்தேன். அவள் முன்பே சொல்ல முயன்ற லாக் அதுதான்: கம்ப்யூட்டர் தனக்கு நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் பதிவு. ஒவ்வொரு நீலத் திரைக்கும் சற்று முன்னால் அதில் ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப இருந்தது: டிஸ்க்கிடமிருந்து பதில் இல்லை, ரீசெட் செய்யப்படுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா என்றேன். கண்களை மூடினாள். டி, ஆர், ஐ. ட்ரைவர். டிஸ்க்குக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் நின்று கட்டளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சின்ன புரோகிராம். அதைத் திறந்து பார்த்தோம். பெட்டியோடு வந்த ஒரு துணைப் புரோகிராம் யாரையும் கேட்காமல் அதன் புதுப் பதிப்பை இறக்கிப் போட்டிருந்தது. எல்லாவற்றையும் அழித்துப் போட்டபோது கடையில் அதையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள், அது மறுபடி அதே வேலையைச் செய்திருக்கிறது. அதனால்தான் கடையில் நன்றாக இருந்தது, வீட்டுக்கு வந்து இன்டர்நெட்டைத் தொட்டதும் போயிற்று.

அதை எடுத்துவிட்டு, சிஸ்டத்தோடு வரும் சாதாரண ட்ரைவரைப் போட வேண்டும். திரையில் வந்த பட்டியலில் அதைத் தேடிக் கண்டுபிடித்து, சரி என்ற பொத்தானுக்கு மேல் அம்பை வைத்தேன். அக்கா கண்களை மூடினாள். அட்டையைக் காட்டினேன். எம், ஏ, ஒய். பிறகு என், ஓ, டி. பிறகு பி, ஓ, ஓ, டி. தப்பான ட்ரைவராக இருந்தால் கம்ப்யூட்டர் எழாமலே போகலாம். அப்படிப் போனால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதுதான், வாரக்கணக்கில் இந்த அட்டைதான்.

"வேண்டாம்னா விட்டுடலாம்க்கா" என்றேன். "கம்பெனிக்காராளே பாத்துக்கட்டும்."

அவள் ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். கீழே, போர்வைக்குள், கட்டுப்போட்ட கணுக்கால். பிறகு கண்களை மேலே தூக்கினாள். நான் நகராததைப் பார்த்து மறுபடி தூக்கினாள். அழுத்தினேன்.

திரை கறுத்தது. வட்டமாகப் புள்ளிகள் சுற்றின. நர்ஸ் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார். தெருவில் ஓர் ஆட்டோ தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. நான் அக்காவைப் பார்க்கவில்லை, பார்த்தால் ஏதாவது சொல்லத் தோன்றும். பிறகு அவளுடைய பழைய திரை வந்தது. அந்தத் துணைப் புரோகிராம் மறுபடி வாலாட்டுவதற்குள் அதை வேரோடு எடுத்தேன். காமெராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

அக்கா எழுத்துகளின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள், கை கால்களை உதறிப் பார்ப்பதுபோல. பிறகு மெதுவாக, ஒரு எழுத்தையும் சுருக்காமல் எழுதினாள். குரல் வாசித்தது: "டிஸ்க்குக்கும் ஒண்ணும் இல்லை, மெஷினுக்கும் ஒண்ணும் இல்லை. நடுவில சொல்லிக் கொண்டுபோறதுதான் கேடாயிருக்கு. என்னைப் போலேயாக்கும்."

நான் அட்டையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"சிரிக்கலாம்டா" என்றது செய்திக் குரல்.

அன்று பகல் முழுக்கப் பேசினாள். நர்ஸின் மகளுக்குப் பரீட்சை எப்படி என்று மலையாளத்தில் விசாரித்தாள். டெக்னீஷியன் பையனுக்கு நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினாள், அடுத்த தடவை வேறு யார் வீட்டிலாவது இதேபோல வந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று. அவன் அன்றைக்கே பதில் போட்டான், மேடம் என்று அழைத்து, இரண்டு சந்தேகங்களோடு. அவற்றுக்கும் பதில் எழுதினாள். காலைப் பற்றி மட்டும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்டபோது, "இப்போ வலி இல்லை" என்றாள்.

திரை உறையவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் முடியும் இடத்தில் விட்டேன். அந்தப் பழக்கம் போகப் பல வாரங்கள் ஆயின.

மாலையில் மழை சற்று விட்டிருந்தது. அக்கா ஒரே சொல்லை எழுதினாள். எங்கள் பேச்சில் போதும் என்பதற்கு மலையாளத்தைப்போல மதி என்றுதான் சொல்வோம். குரல் அதை நிலவைக் குறிப்பதுபோல நிறுத்தி அழகாக உச்சரித்தது. "மதி. காமெராவை அணைச்சுடு. கொஞ்ச நேரம் சும்மா இருக்கேன்."

ஏதாவது வேணும்னா எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டேன்.

"நீ இங்கேதானே இருக்கே" என்றாள்.

காமெராவை அணைத்தேன். மானிட்டரைத் தள்ளி வைத்து நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பினேன். கால்கள் மிதிபலகையில் சரியாக இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தேன். நர்ஸ் உள்ளே பப்படம் பொரித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனைக்கு அக்காவின் மூக்கு விடைத்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.