பாகற்காய்ப் பந்தலில் ஈ எண்ணிய போத்தல்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நான் கடைசியாக ஒழுங்காகப் பேனா பிடித்தது சாதாரண தரப் பரீட்சையின் கணிதத் தாளில். அதற்குப் பிறகு நானும் பேனாவும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் இந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரி சொல்லித் திரிகிறார்கள். எல்லாக் கதையிலும் நான்தான் முட்டாள். அதில் எனக்குத் தகராறு இல்லை. எப்படி முட்டாளானேன் என்பதையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். முழங்கால் தேய்ந்து, கொழுந்துக் கூடையோடு மலை ஏற முடியாமல் போனதும், லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் பாகற்காய்ப் பந்தல் போட்டார். கிழமைக்கு ஒரு சாக்கு காய் வரும். அதை என் ஆட்டோவில் ஏற்றி, கட்டுகஸ்தோட்டையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹாஜியாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. மருந்து அடிக்காத காய் என்பதற்காகத்தான் ஹாஜியார் அதை வாங்கினார். ஈக்கும் அதே காரணத்துக்காகத்தான் அது பிடித்திருந்தது. வீட்டு ஈ இல்லை, குட்டிக் குளவி மாதிரி இருக்கும் காய் ஈ. பிஞ்சில் முட்டை வைத்துவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். வெளியே பச்சைப் பசேல் என்று இருக்கும், உள்ளே புழு நெளியும்.

ஒரு நாள் ஹாஜியார் ஒரு காயைப் பிளந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மகன், இன்னொரு தரம் புழு இருந்தா நான் வேற ஆள்கிட்டதான் எடுப்பன். அக்காக்கிட்ட செல்லிருங்க.”

அக்காவுக்கு ஹாஜியாரை விட்டால் வேறு ஆள் இல்லை. அந்தக் காலோடு கொழுந்துக்கும் திரும்ப முடியாது. பந்தல் போனால் எல்லாம் போச்சு.

பிஞ்சுகளைப் பேப்பரில் சுற்றிக் கட்டினால் ஈ தொடாது. ஆனால் நாள் தவறாமல் பந்தலுக்கடியில் நின்று எல்லாப் பிஞ்சையும் சுற்ற அந்த முழங்கால் விடாது. ஈ எப்போது கூடுகிறது என்று தெரிந்தால், அந்த நாட்களில் மட்டும் சுற்றினால் போதும்.

கட்டுகஸ்தோட்டையில் போன் திருத்தும் கூட்டாளி ஒருவன் எனக்கு இருக்கிறான். அவனிடம் சொன்னேன். மூன்றாம் நாள் மஞ்சள் பெயின்ட் அடித்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நீட்டினான். உள்ளே ஈயை இழுக்கும் மருந்து தோய்த்த பஞ்சும் அடியில் சவர்க்காரத் தண்ணீரும். பக்கத்தில் ஓர் ஓட்டை. ஓட்டையின் இரண்டு பக்கமும் மிளகு அளவில் இரண்டு பல்பு. டிவி ரிமோட்டில் இருப்பது மாதிரி கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை ஒன்று அனுப்பும், மற்றது வாங்கும். ஈ உள்ளே நுழையும்போது வெளிச்சம் அறுந்தால், கணக்கில் ஒன்று. பழைய பட்டன் போனின் உள்சாமான் ஒன்று பின்னால் ஒட்டியிருந்தது. அது மாலை ஆறு மணிக்கு அன்றைய எண்ணிக்கையை எனக்கு மெசேஜ் பண்ணும்.

“எல்லாம் குப்பைச் சாமான்தானேடா?” என்றேன்.

“ஒன்ன மாதிரிதான் மச்சான். ஆனா இது வேல செய்யும்.”

பந்தலில் கட்டிவிட்டு வந்தேன். முதல் நாள் மெசேஜ்: 1. அடுத்த நாள்: 0. அதற்கடுத்த நாளும் 0. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“அக்கா, ஒங்க ஈயெல்லாம் ரயிலேறி நாவலப்பிட்டிக்குப் போயிருச்சு. இனிமே பேப்பர் சுத்துற வேலையே இல்ல!”

அக்கா சிரிக்கவில்லை. “போத்தல ஆட்டிப் பாத்தேன் தம்பி. உள்ள என்னமோ கெடக்குற மாதிரி இருக்கே.”

“போன் சொல்றத நம்பவா, நீங்க சொல்றத நம்பவா? மெஷின் பொய் சொல்லாதுக்கா.”

“அதுவும் சரிதான். நீ படிச்ச புள்ள.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதற்கு முன் யாரும் என்னைப் படித்த பிள்ளை என்று சொன்னதில்லை. அந்த மயக்கத்தில் மேற்கொண்டு ஒன்றும் யோசிக்கவில்லை. அக்காவும் ஒரு பிஞ்சைக்கூடச் சுற்றவில்லை.

அந்தப் பிஞ்சுகள் காயானதும் சாக்கைக் கொண்டுபோனேன். ஹாஜியார் முதல் காயைப் பிளந்தார். புழு. இரண்டாவதிலும் புழு. அவர் ஏசவில்லை, சாக்கின் வாயை மெதுவாக முறுக்கிக் கட்டினார். ஏசியிருந்தால்கூட ஏதாவது பகிடி விட்டுச் சமாளித்திருப்பேன்.

“ஹாஜியார், ஈ இருக்குன்னு அக்கா அன்னைக்கே சொன்னாங்க. நாந்தான் கேக்கல. தப்பு என் மேல.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பகிடி விடாமல் பேசியதை அவர் கேட்டதே இல்லை. “ரெண்டு கிழம பாக்கிறன் மகன். அதுக்கு மேல ஏலா.”

அப்படியே போய்க் கூட்டாளியைக் கடையிலிருந்து இழுத்துக்கொண்டு மலைக்கு ஏறினேன். அவன் போத்தலைத் திருப்பி ஓட்டையைப் பார்த்தான். பிறகு என்னை அருகே இழுத்துக் காட்டினான். ஒரு பல்பின் மேல் சந்தனம், அதற்கு மேல் குங்குமம், வட்டமாக ஒரு பொட்டு. வெளிச்சம் ஒரேயடியாக அறுந்து, ஒன்று என்று எண்ணிவிட்டு, அதற்குப் பிறகு மெஷின் குருடாகவே தொங்கியிருக்கிறது.

“நான்தான் வச்சேன்,” என்றார் அக்கா. “புதுச் சாமான பொட்டு வைக்காம எப்புடி வேலைக்கு விடுறது? மூஞ்சி எங்கன்னு பாத்தேன், ரெண்டு கண்ணு தெரிஞ்சிச்சு. நெத்தியில வைக்கத்தான் போனேன், வெரல் வழுக்கிருச்சு.”

எனக்குச் சிரிக்க வாயில்லை. என் ஆட்டோவின் நெற்றியிலேயே மூன்று பொட்டு இருக்கிறது. எங்கள் லயத்தில் கவ்வாத்துக் கத்திகூடப் பொட்டில்லாமல் முதல் நாள் தேயிலைச் செடியைத் தொடாது.

“தாராளமா வைங்கக்கா,” என்றான் கூட்டாளி. “முதுகுல வைங்க.”

ஒரு துணியை நனைத்துப் பல்பைத் துடைத்தான். மூடியைத் திறந்து தண்ணீரைத் தரையில் ஊற்றினான். ஒரு கைப்பிடி செத்த ஈ விழுந்தது. “உள்ள கெடக்குன்னு ஒங்களுக்கு முன்னுக்கே தெரியுமா?” என்று அக்காவைக் கேட்டான்.

“அன்னைக்கே சொன்னேன் தம்பி.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மலையைப் பார்த்தேன்.

அன்று மாலை மெசேஜ்: 9. மழை விட்டு வெயில் அடித்த மறுநாள்: 31. விடிந்ததும் பந்தலுக்கடியில் நின்றேன். மேலே எட்டுவதெல்லாம் எனக்கு, தாழ இருப்பதெல்லாம் அக்காவுக்கு. பழைய பேப்பர் கட்டு ஒன்று முழுதாகத் தீர்ந்தது. ஒரு பிஞ்சுக்கு ராசிபலன், இன்னொன்றுக்கு மரண அறிவித்தல். “கும்ப ராசிக்கு இன்னைக்கு எதிரி தொல்லை இல்லையாங்க்கா,” என்றேன். “வாய மூடிக்கிட்டு நூலக் கட்டு,” என்றார்.

எண்ணிக்கை குறைந்த நாட்களில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்தார். போகப் போக, மெசேஜ் வருவதற்கு முன்பே வானத்தைப் பார்த்து, “நாளைக்குக் கூடும்,” என்பார். கூடும். அப்படியும் காலையில் ஒரு தடவை போத்தலை ஆட்டிப் பார்க்காமல் விடமாட்டார். நானும் இப்போது, “போத்தல் என்னாக்கா சொல்லுது?” என்று கேட்டுவிட்டுத்தான் போனைத் திறப்பேன்.

பதினாலாம் நாள், இரண்டு கிழமை முடிந்து, சாக்கோடு போனேன். ஹாஜியார் கத்தியை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளை வெளேரென்று விதையும் சதையும். நான்காவதையும் எடுத்துப் பிளந்தார். அதிலும் ஒன்றும் இல்லை. சாக்கைச் சமையல்காரர் பக்கம் தள்ளினார்.

“அடுத்த கிழமையும் கொண்டாங்க மகன். கூடுதலா இருந்தாலும் எடுப்பன்.”

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆட்டோவை நிறுத்தி அக்காவுக்குப் போன் பண்ணினேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, “அப்ப மேட்டுப் பக்கமும் ஒரு பந்தல் போட்டுருவமா?” என்றார்.

உடனே கூட்டாளிக்கு மெசேஜ் போட்டேன். இன்னொரு போத்தல் வேண்டும், எப்படி வேண்டும் என்று அக்காவிடம் கேட்டு நானே விவரமாகச் சொல்கிறேன் என்று. ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.

“நீ ஒண்டும் செல்ல வாணாம் மச்சான், அக்காட நம்பர அனுப்பு.”