சொட்டாமல் ஒழுகிய கார்

கல்யாணமான மூன்றாம் வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு பழைய பிளஷர் கார் வாங்கினார். கல்வராயன் மலையில் புளியும் கடுக்காயும் வாங்கிவந்து கள்ளக்குறிச்சி கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போய்விடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் சேலம் பக்கத்து ரைஸ்மில்காரர் ஒருவர் கைவிட்ட காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். எனக்கும் சந்தோஷம்தான். சீட்டில் உட்கார்ந்தால் மெத்தை மாதிரி அமுங்கும். கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

முதல் தடவை மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு ஏறும்போதே அதன் குணம் தெரிந்துவிட்டது. பாதி மலையில் முன்பக்கத்திலிருந்து ஆவி சீறியது. ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் எங்கோ அடியில் கிடந்தது. காலையில் நானே வழிய வழிய ஊற்றியிருந்தேன். காருக்கு அடியில் இருவரும் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டு ஈரமில்லை.

டவுனில் மெக்கானிக் ரப்பர் குழாய்களை மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் பற்றவைத்தார். மூடியும் புதிது போட்டார். தண்ணீர் மட்டும் தன் பாட்டுக்குக் குறைந்துகொண்டே வந்தது. எதிர்வீட்டு ஜவுளிக்கடை பாய் தினமும் விசாரிப்பார். "இவ்ளோ தண்ணி குடிக்குதே, உங்க வண்டிக்குச் சக்கரை வியாதியா இருக்கப் போவுதுங்க. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பார். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வராது. எனக்கு அடக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குக் கல்யாணம் வைத்தோம். பெண் வீடு எலவனாசூர்கோட்டை. அங்கே கோயிலில் தாலி கட்டு, முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எந்த நாள் எந்த ரோட்டில் மரத்தை வெட்டிப்போட்டு மறிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்கள் எல்லாம் பயந்துகொண்டு காலையிலேயே பஸ் ஏறிப் போய்விட்டார்கள். தம்பி மட்டும் அசையவில்லை.

"மாமா கார்லதான் வருவேன். மாப்பிள்ளை பஸ்ல தொங்கிக்கினு போய் எறங்குனா நல்லாவா இருக்கும்?" என்றான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் ஓட்ட, தம்பி பக்கத்தில், நான் பின்சீட்டில் சீர்த்தட்டுகளோடு. தியாகதுருகம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிளையும் இலையுமாகக் கிடந்தது. அதன் மேலும் சுற்றியும் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிரேக் போட்டு நிறுத்திய அதே நிமிஷம் எங்கள் கார் புஸ்ஸென்று ஆவியைக் கக்கியது.

கூட்டம் எழுந்து வந்தது. நான் சீர்த்தட்டுகளை மடியோடு இழுத்துக்கொண்டேன். முன்னால் வந்தவர் தோளில் துண்டு போட்ட கனத்த ஆள். காரைப் பார்த்தார், பட்டுவேட்டி கட்டிய என் தம்பியைப் பார்த்தார்.

"இன்னாப்பா, நாங்க மறிக்கறதுக்கு முன்னாடி உன் வண்டியே மறியல் பண்ணுது?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் தட்டுகளை மடியிலிருந்து இறக்கினேன்.

கல்யாண வண்டி என்று தெரிந்ததும் அவர் விடத் தயார். ஆனால் வண்டி போகத் தயாரில்லை. பக்கத்துக் கொல்லைப் பம்புசெட்டிலிருந்து ஆளுக்கொரு குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆறட்டும் என்று காத்திருந்த நேரத்தில் ஆளாளுக்கு என்ஜினுக்குள் தலையை விட்டார்கள். ஒருவர் ரேடியேட்டர்தான் என்றார். டிராக்டர் வைத்திருந்த அந்தத் துண்டுக்காரர், "இது ஹெட்டு போயிருக்குது, என்ஜின் தலையையே எறக்கித்தான் பாக்கணும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அதற்கு ஆகும் செலவை நினைத்து என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று.

எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம் ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தபோது, வெளிப்பக்கத்தைத் துடைத்துச் சாம்பலைத் தூவி உள்ளே தண்ணீர் ஊற்றிவைத்தேன். கீறல் இருந்த இடம் மட்டும் கறுத்துக் காட்டிக்கொடுத்தது. காருக்கும் அது பொருந்தாதா?

"இன்னாங்க, என்ஜினத் துடைச்சுட்டு மேல எதையாவது தூவிப் பாக்கலாமா? எங்க நனையுதுன்னு தெரியுமில்ல?"

"நடுரோட்டுல சாம்பலுக்கு எங்கம்மே போறது?"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சட்டென்று தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். காலையில் வாங்கிய புது பவுடர் டப்பா அதில் இருந்தது.

"அக்கா, வேணாங்கா. சாயங்காலம் போட்டோ எடுப்பாங்க!"

"நீ போய்ச் சேந்தாதான்டா போட்டோ" என்று பிடுங்கினேன்.

ஆறிய என்ஜினைப் பழந்துணியால் துடைத்து, குழாய் குழாயாக, இடுக்கு இடுக்காகப் பவுடரைத் தட்டினேன். ரோடெல்லாம் மல்லிகைப்பூ வாசனை. ரேடியேட்டரை நிரப்பி, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். மறியலுக்கு வந்தவர்கள் கோஷத்தை நிறுத்திவிட்டு என்ஜினைச் சுற்றி நின்றார்கள். என் வீட்டுக்காரர் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார். முன்பக்கம் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. மேல்பக்கமும் அப்படித்தான். "நாந்தான் சொன்னனே, ஹெட்டு" என்று துண்டுக்காரர் ஆரம்பித்தார்.

தம்பியின் சட்டைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியையும் கேட்டு வாங்கினேன். சைலன்சர் குழாய்க்குப் பின்னால், தலை நுழையாத சந்தில் அதைச் சாய்த்துப் பிடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் திருப்பியதும் தெரிந்தது. என்ஜின் பக்கவாட்டில், உள்ளே ஓடும் தண்ணீரை அடைத்து நிறுத்த வைத்த ரூபாய்க் காசு அளவுத் தகர மூடி ஒன்று துருவேறி இருந்தது. அதன் ஓரத்திலிருந்து பவுடரில் எறும்பு போன தடம் மாதிரி ஒரு ஈரக்கோடு. ஊசித் துளையில் தண்ணீர் பூத்து, மெல்ல வழிந்து, சூடான சைலன்சர் குழாய் மேல் விழுந்து, விழுந்த கணமே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. தரைக்கு வந்தால்தானே சொட்டு தெரியும்! மலை ஏற ஏற என்ஜின் சூடாகும், அழுத்தம் கூடும், ஒழுகலும் கூடும்.

"ஆப்ட்டுச்சு! ஆப்ட்டுச்சுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் மரத்தின் மேல் படுத்திருந்தவர்கூட எழுந்து வந்தார். கண்ணாடி கை மாறிப் போயிற்று. துண்டுக்காரர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஹெட்டுக்குப் பக்கத்துலதான் இருக்குது" என்றார்.

மறுபடி ஆறவிட்டோம். பம்புசெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பார் சோப்பில் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் அதைப் பிசைந்து, குச்சி முனையில் வைத்து அந்தத் துளையில் அழுத்தினார். ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் சின்ன ஓட்டை அடைபடும் என்று லாரிக்காரர்கள் செய்வதை அவர் பார்த்திருந்தார். சீர்த்தட்டில் மஞ்சளுக்கா பஞ்சம்? ஒரு கை அள்ளிப் போட்டோம். ரேடியேட்டர் மூடியையும் இறுக்காமல், அழுத்தம் ஏறாதபடி அரைத் திருகில் விட்டார்.

மரத்தை நகர்த்த முடியாது. பள்ளத்தில் இறங்கித் தரிசு வழியாகச் சுற்ற வேண்டும். இருபது பேர் காரைத் தள்ளினார்கள். பாதியில் துண்டுக்காரர் தம்பியின் பக்கத்து ஜன்னலில் குனிந்து, "மாப்ள, சும்மா உக்காந்துக்கினே போனா எப்படி? எங்களுக்காக ஒரு கோஷம் போடு" என்றார். அவன் தலையை வெளியே நீட்டித் தொண்டை கிழியக் கத்தினான். அந்த உற்சாகத்தில் அவர்கள் தள்ளிய வேகத்துக்கு வண்டி ஒரே மூச்சில் ரோட்டில் ஏறிவிட்டது.

பொழுது சாயும்போது எலவனாசூர்கோட்டை போய்ச் சேர்ந்தோம். மரம் வெட்டிய சேதி கேட்டுக் கலங்கிப்போயிருந்த பெண் வீட்டார் ஓடிவந்தார்கள். தம்பி இறங்கினான். கன்னத்தில் என்ஜினுக்குள் எட்டிப் பார்த்தபோது பட்ட கிரீஸ், பட்டுவேட்டியில் குடத்துத் தண்ணீர் சிந்திய சேறு, கத்திய கத்தில் தொண்டை கட்டி, பேசினால் காற்றுதான் வருகிறது. எல்லோரும் பதறினார்கள். உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் நின்ற பெண் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அதைப் பார்த்து இவனும் சிரித்தான். அதற்கு முன் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் மெக்கானிக் சைலன்சர் குழாயைக் கழற்றி, துருவேறிய தகர மூடியை எடுத்துவிட்டுப் புதிது அடித்துக் கொடுத்தார். உடனே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் புதுமணத் தம்பதியையும் ஏற்றிக்கொண்டு கரியாலூருக்கு விட்டார். மேலே போய் நிறுத்தி, ஆறவைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். விளிம்புவரை தண்ணீர். ஈர விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "பாத்தியாம்மே" என்றார், தானே கண்டுபிடித்த மாதிரி. அருவிக்குக் குளிக்கப் போன மற்ற இரண்டு பேரும் கூப்பிடக் கூப்பிட வரவேயில்லை. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை நாங்களே பிரித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டோம்.