விதைக்கு விட்ட கொல்லை

பனியில் நனைந்த அவரைக்காயைத் தொட்டால் விரலில் எண்ணெய் மாதிரி ஒன்று ஒட்டிக்கொள்ளும். முகர்ந்து பார்த்தால் பச்சிலையும் நெய்யும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எங்கள் பக்கத்தில் அதைச் "சொகடு" என்போம். கன்னடச் சொல்தான், ஆனால் சூளகிரியில் எந்தச் சொல் எந்தப் பாஷை என்று யார் பார்த்தார்கள், காய் நன்றாக இருந்தால் சரி. மார்கழியில் அந்தச் சொகடு கையில் ஏறிவிட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, பள்ளிக்கூடத்துச் சிலேட்டில்கூட அடிக்கும். அறுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, அந்த வாசனை வீடெல்லாம் அடிக்க, ஒரு காயைக்கூடப் பறிக்க முடியாமல் நாங்கள் உட்கார்ந்திருந்த வருஷம் ஒன்று உண்டு.

எங்கள் வீடு பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது. கம்பெனி, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் என்று எதுவும் அப்போது கிடையாது. ரோட்டில் லாரி போகும், மற்றபடி கேழ்வரகும் புளியமரமும்தான். அப்பா லாரி டிரைவர். கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். வீட்டுக்குப் பின்னால் முள்வேலி போட்ட கொல்லை முழுவதும் அம்மாவின் ஆட்சி. கூரை மேல் சுரை, பாத்தியில் கத்தரி, ஓரமாகச் செண்டுமல்லி, வேலி நீளத்துக்கும் அவரை. அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிப் "பிதுக்கம்பருப்பு" எடுப்பது எனக்கும் தம்பி அருளுக்கும் விட்ட வேலை. அவன் பருப்பைப் பாத்திரத்தில் விழவைத்ததே இல்லை, என் மூக்கைக் குறிபார்த்துத்தான் பிதுக்குவான். "ஏய், சோத்துல வெளையாடாதடா" என்று அம்மா கத்துவாள், கத்திவிட்டுச் சிரிப்பாள்.

வைகாசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு அப்பாவின் லாரியிலேயே கொண்டுபோனார்கள், லாரியிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் புதைத்து, மரச்சிலுவை நட்டார்கள். நான் அழவில்லை. ஊரே என்னைப் பிடித்து அழு அழு என்றது. எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். அம்மாவும் முதல் நாள் அழுததோடு சரி. அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. கேட்டால் தலையாட்டுவாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஆடியில் மழை விழுந்ததும் அவள் பாட்டுக்கு எழுந்துபோய்க் கொல்லையைக் கொத்தினாள், எல்லாவற்றையும் வழக்கம்போல விதைத்தாள். "வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா தேறிடுவா, பயப்படாத பாப்பா" என்றார் அப்பா. நானும் நம்பினேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் காய்க்கிற நல்ல காயை விதைக்கு விட்டுவிடுவார்கள். அடையாளத்துக்கு அதன் காம்பில் ஒரு துண்டுத் துணியைக் கட்டுவார்கள். துணி கட்டிய காயை யாரும் தொடமாட்டார்கள். அடுத்தவர் கொல்லையில் காய் திருடுகிற பையன்கள்கூட அதை விட்டுவிட்டுத்தான் திருடுவார்கள். அந்தப் புரட்டாசியில் முதல் சுரை பிஞ்சு விட்டதும் அம்மா துணி கட்டினாள். மஞ்சளில் கட்டம் போட்ட துணி. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கு அருளுக்குத் தைத்த சட்டை. வளர்கிற பிள்ளை என்று டெய்லர் தாராளமாக வைத்துத் தைத்தது, அவன் சாகும்போதும் அவனுக்குத் தொளதொள என்றுதான் இருந்தது.

மறுநாள் இரண்டாவது சுரைக்கும் கட்டினாள். பிறகு கத்தரிக்காய் ஒவ்வொன்றுக்கும். பூசணிக்கு. செண்டுமல்லிக்குக்கூட. கார்த்திகையில் அவரை பூத்ததும் ஒவ்வொரு கொடியின் தூரிலும் ஒரு கிழிசல். கொல்லை முழுக்க விதைக்கு விட்டது. சுரைக்காய் கூரை மேல் முற்றிக் கட்டையானது, கத்தரி பழுத்து மஞ்சளாகி உதிர்ந்தது, நாங்கள் தினமும் களிக்குக் கொள்ளுச் சாறு ஊற்றித் தின்றோம். கல்லறைத் திருநாளுக்கு அப்பா ஓசூரிலிருந்து பூ வாங்கிவந்தார், சொந்தக் கொல்லையில் செண்டுமல்லி குலுங்கிக்கொண்டிருக்க. அம்மா கல்லறைக்கு வரவே இல்லை. எனக்குத் தம்பி மேல் கோபம் கோபமாக வந்தது. செத்தவனுக்கே இவ்வளவு என்றால் உயிரோடு இருக்கிற நான் யார் என்று இருந்தது.

சட்டை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. முதலில் கைகள் போயின, பிறகு முதுகு. ஆணியில் மாட்டியிருந்த அதைத் தினமும் போய்ப் பார்ப்பேன். மார்கழி பிறந்தபோது காலரும் பையும் முன்பக்கம் கொஞ்சமும்தான் மிச்சம். அது தீர்ந்துபோனால் அம்மா என்ன செய்வாள்? கிணறு வேறு கொல்லையிலேயே இருந்தது. அப்பாவிடம் சொல்லலாம் என்றால் அவர் வந்ததும் படுத்துவிடுவார், எழுந்ததும் லாரி ஏறிவிடுவார்.

பக்கத்து வீட்டு ரத்தினம்மா தெலுங்குக்காரி. அம்மாவைவிட மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம். கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு காலையில் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணி கட்டிய அவரைக்கொடியில் கைவைத்துச் சரசரவென்று காயை உருவி மடியில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஊரில் யாருமே செய்யாத காரியம்.

சமையற்கட்டிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

"தொடாத! அது விதைக்கு விட்டது!"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட அம்மாவின் குரல் அது. யாருடையதோ மாதிரி இருந்தது.

"ஏமே ஆரோக்கியம், ஊருக்கே வெதைக்கப் போறியா நீ?" ரத்தினம்மா கையை நிறுத்தவில்லை. "வெதைக்கு ஒரு கொடி போதும். மீதி, வீட்ல இருக்கிற புள்ளைக்கு. இவளப் பாத்தியா? எலும்பும் தோலுமா நிக்கிறா. இதுவும் நீ பெத்ததுதானே?"

அம்மா அவளை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ரத்தினம்மா மடியிலிருந்த காயைச் சமையற்கட்டு வாசலில் கொட்டிவிட்டு, "நாளைக்கும் வருவேன்" என்று மிரட்டுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று அம்மா காயை உரித்துக் கொட்டையை ஊறவைத்தாள். நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து பிதுக்கினோம். ஒரு பருப்பு என் விரலிலிருந்து வழுக்கித் துள்ளி அம்மாவின் மோவாயில் பட்டது. இரண்டு பேரும் நிமிர்ந்தோம். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவள் அந்தப் பருப்பைத் தரையிலிருந்து எடுத்துக் கழுவிப் பாத்திரத்தில் போட்டாள்.

களியைத் தட்டில் வைத்து, சாறு ஊற்றிவிட்டு, நான் ஒரு வாய் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உப்பு போதுமா பாப்பா?"

சாற்றில் உப்பே போடவில்லை. "போதும்மா" என்றேன். தட்டை வழித்துத் தின்றேன்.

அடுத்த ஆடியில் மூட்டை மூட்டையாக விதை இருந்தது. அம்மா முறத்தில் அள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்தாள். ரத்தினம்மாவுக்கு மட்டும் இரண்டு முறம். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு காய்க்குத்தான் துணி கட்டினாள், ஏதோ பழைய சேலைக் கிழிசல். ஆனால் அவள் பழைய அம்மாவாக ஆகவில்லை, பொய் சொல்லமாட்டேன். பேசினாள், சமைத்தாள், என்னைக் கட்டிக்கொடுத்தாள். சிரிப்பு மட்டும் திரும்ப வரவில்லை.

இப்போது அவளும் இல்லை, அப்பாவும் இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது வீடு போனது. கொல்லை இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. மரச்சிலுவையைக் கரையான் தின்றுவிட்டதால் தம்பியின் குழி எது என்று எனக்கே தெரியாது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் போனால் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வருகிறேன். ஓசூர் மார்க்கெட்டில் அவரை வருஷம் முழுக்கக் கிடைக்கிறது, முகர்ந்து பார்த்தால் ஒன்றுமே அடிப்பதில்லை. என் மகன் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் உப்பு போதுமா என்றுதான் முதலில் கேட்கிறேன். போதும்மா என்கிறான். அவன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தபிறகுதான் நகர்கிறேன்.