ஏழாம் பெட்டி தட்டியது மூன்று

காது குத்துகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் எதையும் ஜோடிக்கவில்லை. என் கையாலேயே செய்த காரியம் இது.

மருந்தில்லாத நோயாளிகளை உறையவைத்து, மருந்து வரும்வரை பாதுகாக்கும் இடத்தில் எனக்கு வேலை. பழைய கருங்கல் மாளிகை. ஜன்னலே இல்லாத நிலவறையில் பன்னிரண்டு இரும்புப் பெட்டிகள். ஏழாவதில் என் மனைவி. நோயில் விழும்வரை அவளும் அங்கேதான் வேலை பார்த்தாள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குளிர் அறைக்குள் இருப்பவர் கத்தினால் வெளியே கேட்காது. அதனால் கதவைத் தட்டுவோம். இரண்டு தட்டு என்றால் திறக்கலாம். மூன்று என்றால் திறக்கவே கூடாது. இதை ஏற்படுத்தியவளே அவள்தான்.

அன்று மாலை 4.17. போனை வழக்கம்போல மேலே அலமாரியில் வைத்துவிட்டு இறங்கியிருந்தேன். ஏழாம் பெட்டியின் குளிரளவைக் குறித்தேன். மைனஸ் 196.

டக்... டக்... டக்.

பெட்டிக்குள்ளிருந்து.

மேலே இருந்த மேலாளரை இன்டர்காமில் கூப்பிட்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முசுடு.

“சார், பெட்டி தட்டுது!”

“ஐஸ் விரிசல் விடுற சத்தம்யா. பேசாம மேல வா.”

ஆறு வருஷமாக அவள் குரலுக்கு ஏங்கியவன் நான். புத்தி எங்கே வேலை செய்யும்? விழித்துவிட்டாள், மூச்சுத் திணறுகிறாள் என்றுதான் தோன்றியது.

4.19. டக்... டக்... டக். இந்தத் தடவை வேகமாக.

“இதோ வந்துட்டேம்மா!”

தாழ்ப்பாளை இழுத்தேன்.

வெண்புகை...

கட்டை மாதிரிக் கிடந்தாள். இமையெல்லாம் பனி. கைகள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியபடியே... கட்டு அவிழவில்லை.

பின்னே, தட்டியது எது?

மறுபடி மூடிப் பயனில்லை. அரை நிமிடம் வெளிக்காற்று பட்டாலே உறைந்த உடம்பு உள்ளுக்குள் நொறுங்கிவிடும். இதையும் எனக்குச் சொல்லித்தந்தவள் அவள்தான்.

படியேறும்போதுதான் உறைத்தது. மூன்று தட்டு. பாவி, எண்ணக்கூடவா மறந்தேன்?

அலமாரியில் போன் மினுங்கியது. அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடமிருந்து மிஸ்டு கால். நேரம் 4.17. கூடவே ஒரு குரல் பதிவு.

“மருந்து வந்துருச்சு சார். நாளைக்குக் காலையிலயே உங்க மனைவியை எழுப்பிடலாம். அதுவரைக்கும் பெட்டியைத் திறந்துடாதீங்க.”